நீரைப் பார்த்து வழி அறிதல்: கிளாஸ்கோவிலிருந்து அரிசேக் கடற்கரை விருந்தினர் இல்லங்களுக்கு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் அரிசேக், மோரர் என்னும் இரண்டு சிற்றூர்களுக்கு இடையே, கடலை ஒட்டியபடி ஏறத்தாழ ஐந்து மைல் நீளத்துக்கு ஒரு குறுகிய சாலை செல்கிறது. அதன் ஓரங்களில், ஆடுகள் மேயும் புல்வெளிகளுக்கு நடுவே, ஒன்றுக்கொன்று எட்டி நிற்கும் வீடுகளில் பல விருந்தினர் இல்லங்களாக நடத்தப்படுகின்றன. சன்னலைத் திறந்தால் வெண்மணல் தெரியும். மணலுக்கு அப்பால் எக், ரம் என்னும் தீவுகள் கடலிலிருந்து எழுந்து நிற்பது தெரியும். முன்பதிவு செய்தவுடன் இல்லத்தார் அனுப்பும் வழிக்குறிப்பு பெரும்பாலும் மூன்று நான்கு வரிகளில் முடிந்துவிடும். அந்தப் பகுதியை அறிந்தவருக்கு அது போதும். முதன்முறையாக, அதுவும் வாடகைக் காரில், குடும்பத்துடன் செல்பவருக்கு அது போதாது என்பதால்தான் கிளாஸ்கோ விமான நிலையத்திலிருந்து இல்லத்தின் வாயில் வரையிலான வழியை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

நான் முதன்முறை சென்றபோது அஞ்சல் குறியீட்டைக் கைப்பேசியில் இட்டுவிட்டு, அது சொன்ன திசையிலேயே ஓட்டினேன். அக்டோபர் மாத இரவு, மழை வேறு. "சேருமிடம் வந்துவிட்டது" என்று கைப்பேசி அறிவித்த இடத்தில் இருந்தது ஒரு மேய்ச்சல் நிலத்தின் இரும்புக் கதவு மட்டுமே. நாங்கள் தேடிய வீடு அங்கிருந்து ஒன்றரை மைல் தள்ளி இருந்தது. நகரத்தில் ஓர் அஞ்சல் குறியீடு ஒரு தெருவின் சில வீடுகளைக் குறிக்கும். இந்தக் கரையிலோ ஒரே குறியீட்டுக்குள் மைல்கணக்கில் சிதறிக் கிடக்கும் வீடுகள் அடங்கிவிடுகின்றன. அன்றிலிருந்து கைப்பேசியைத் துணையாக மட்டும் வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களைக் கொண்டே வழி அறிகிறேன். அந்த அடையாளங்களுள் முதன்மையானது நீர். ஒவ்வொரு கட்டத்திலும் ஏரியோ கடலோ உங்கள் எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பெரிய பிழை எதுவும் நேராது.

புறப்படும் முன்

மொத்தத் தொலைவு ஏறத்தாழ 135 மைல், அதாவது சுமார் 217 கிலோமீட்டர். பலகைகள் எல்லாம் மைலில்தான் இருக்கும், வேகவரம்பும் அப்படியே. எங்கும் நிற்காமல் ஓட்டினால் மூன்றரை மணி நேரத்தில் சென்றுவிடலாம் என்று கைப்பேசி சொல்லும். அதை நம்பித் திட்டமிடவேண்டாம். உணவுக்கும் எரிபொருளுக்கும் கழிப்பறைக்கும் காட்சிகளுக்கும் நிற்பதையும் சேர்த்து ஐந்து மணி நேரம் ஒதுக்குவதே சரி. கோடையின் நடுவில் இரவு பத்து மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும்; டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். எந்தப் பருவமானாலும், கடைசி ஐந்து மைலைப் பகல் வெளிச்சத்தில் கடக்கும்படி புறப்பாட்டு நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ நீண்ட பறப்புக்குப் பின் வந்து இறங்குபவர்கள் அன்றே ஓட்டவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஓர் இரவு கிளாஸ்கோவில் தூங்கிவிட்டு மறுநாள் காலையில் புறப்படுங்கள்.

வெளிநாட்டு ஓட்டுநர் உரிமத்துடன் வரும் பயணிகள் பிரிட்டனில் பன்னிரண்டு மாதங்கள் வரை கார் ஓட்டலாம். வாடகை நிறுவனம் சில வேளைகளில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் கேட்கும் என்பதால் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். நம் ஊரைப் போலவே இங்கும் இடப்பக்கம்தான் செல்லவேண்டும், ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். எனவே பழக்கத்தை மாற்றவேண்டிய சிரமம் இல்லை. மாற்றிக்கொள்ளவேண்டியது ஹாரன் அடிக்கும் பழக்கத்தை மட்டும்தான்; அதை இங்கே அரிதாகவே பயன்படுத்துவார்கள். பன்னிரண்டு வயதுக்கோ 135 சென்டிமீட்டர் உயரத்துக்கோ உட்பட்ட குழந்தைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம் என்பதால் அதையும் காருடன் பதிவு செய்யுங்கள். கார் எடுக்கும்போது, கிடைப்பவற்றுள் அகலம் குறைந்ததைக் கேளுங்கள்; பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு போனாலும் சரி, அகலமான வண்டி வேண்டாம். அதன் காரணம் கடைசிக் கட்டத்தில் விளங்கும்.

மது அருந்திவிட்டு ஓட்டுவதற்கான வரம்பு ஸ்காட்லாந்தில் இங்கிலாந்தைவிடக் கடுமையானது. 2014 டிசம்பர் முதல் இங்கே 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மட்டுமே. இங்கிலாந்தில் அது 80. வழியில் உணவுக்கு நிறுத்தும்போது ஓட்டுபவர் ஒரு கோப்பைகூடத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு.

கைப்பேசியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள்; வழியில் நீண்ட தொலைவுக்குச் சமிக்ஞை கிடைக்காது. அதே வரைபடத்தின் அமைப்பில் "படகுப் பாதைகளைத் தவிர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் ஃபோர்ட் வில்லியமுக்கு முன்னதாகக் காரன் என்னுமிடத்தில் கார் ஏற்றும் படகில் உங்களை ஏற்றி, ஸ்ட்ரான்ஷியன் வழியாக நெடுந்தூரம் ஒற்றைத் தடச் சாலையில் சுற்றி அனுப்பக்கூடும். அதுவும் அழகான பாதைதான். ஆனால் முதல் நாளுக்கு உரியது அன்று. இவற்றோடு, இல்லத்தார் அனுப்பிய குறிப்பையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் அமர்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

விமான நிலையத்திலிருந்து டார்பெட் வரை

விமான நிலையத்தை விட்டு வெளியேறியதும் எம்8 நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கி, கிரீனக் என்று எழுதிய திசையில் செல்லுங்கள். கிளாஸ்கோ நகரத்தை நோக்கித் திரும்பவேண்டாம். 30ஆம் சந்திப்பில் எர்ஸ்கின் பாலத்துக்குப் பிரியும் எம்898 சாலையைப் பிடித்தால், கிளைட் ஆற்றின் மேல் உயரமாக நிற்கும் அந்தப் பாலத்தைக் கடப்பீர்கள். 2006இல் சுங்கம் நீக்கப்பட்டதால் கட்டணம் இல்லை. பாலம் முடியுமிடத்தில் டம்பார்டன், கிரியன்லாரிக் என்று எழுதிய கிளையைத் தேர்ந்தெடுங்கள். இப்போது நீங்கள் ஏ82 சாலையில் இருக்கிறீர்கள். ஃபோர்ட் வில்லியமைத் தாண்டும்வரை இதுவே உங்கள் சாலை.

பலகைகளின் நிறத்தை இப்போதே கவனித்துக்கொள்ளுங்கள். விரைவு நெடுஞ்சாலைக்கு நீலம். ஏ82 போன்ற முதன்மைச் சாலைகளுக்குப் பச்சை. உள்ளூர்ச் சாலைகளுக்கு வெள்ளை. பயணத்தின் கடைசித் திருப்பம் வரும்வரை பச்சைப் பலகையை விட்டு நீங்காதீர்கள். வடக்கே செல்லச் செல்ல ஊர்ப்பெயர்கள் ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக், ஆங்கிலம் என இரு மொழிகளிலும் எழுதப்பட்டிருக்கும். பலகையில் ஃபோர்ட் வில்லியம் என்ற பெயருக்கு மேலே "அன் கெரஸ்டன்" என்று காணப்படுவது வேறு ஊர் அன்று. காவற்படை முகாம் என்று பொருள்படும் அதன் கேலிக் பெயர். ஓடும் வண்டியிலிருந்து பார்க்கும்போது இரண்டு பெயர்களையும் இரண்டு ஊர்களாக எண்ணித் தடுமாறுவது புதியவர்களுக்கு இயல்பு.

டம்பார்டனைச் சுற்றி வரிசையாக ரவுண்டானாக்கள் வரும். வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட்டு நுழைவதே விதி. அதில் உள்ளவர்கள் உங்களுக்காக நிற்கமாட்டார்கள். கிரியன்லாரிக் என்ற பெயரைத் தொடர்ந்து சென்றால், பலாக்கைத் தாண்டியதும் வலப்பக்கத்தில் லோமண்ட் ஏரி விரியும். பிரிட்டன் தீவில் பரப்பளவில் மிகப் பெரிய நன்னீர் ஏரி அது. இங்கே ஏரியை "லாக்" என்பார்கள்; கடல் நிலத்துக்குள் புகுந்து நிற்கும் நீள்குடாவுக்கும் அதே சொல்தான். அடுத்து வரும் பெயர்களில் இரண்டையும் காண்பீர்கள்.

டார்பெட்டில் ஒரு முக்கியமான பிரிவு உண்டு. இடப்பக்கம் ஆரோகருக்குச் செல்லும் ஏ83. அதில் போனால் வேறொரு மலைத்தொடருக்குள் சென்றுவிடுவீர்கள். உங்கள் சாலை ஏரியை வலப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே செல்வது.

டார்பெட்டிலிருந்து டைண்ட்ரம் வரை

முழுப் பயணத்திலும் மனத்தை அதிகம் சோர்வடையச் செய்வது டார்பெட்டுக்கும் ஆர்ட்லூயிக்கும் இடைப்பட்ட இந்த எட்டு மைல்தான். இரண்டு தடங்கள் உள்ள சாலைதான் என்றாலும், இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் ஏரி என்று நெருக்கப்பட்டு, வளைந்து வளைந்து செல்லும். எதிரே சுற்றுலாப் பேருந்தோ மரம் ஏற்றிய லாரியோ வந்தால் நடுக்கோட்டைத் தொட்டபடிதான் வரும். அந்த அச்சத்தில் புதியவர்கள் தம்மை அறியாமல் இடப்பக்கம் ஒதுங்கிக்கொண்டே போய், கண்ணாடியைப் பாறையில் உரசுவதும் டயரைக் கல்விளிம்பில் கிழிப்பதும் அடிக்கடி நிகழ்கிறது. டயர்ச் சேதம் அடிப்படை வாடகைக் காப்பீட்டில் பெரும்பாலும் அடங்காது. வேகத்தைக் குறைப்பதே இதற்குத் தீர்வு, ஒதுங்குவது அன்று. மணிக்கு 60 மைல் என்பது சட்டம் அனுமதிக்கும் உச்சம் மட்டுமே. இங்கே 30, 35 மைலில் சென்றாலும் தவறில்லை. பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால், அடுத்த ஒதுக்கிடத்தில் நிறுத்தி அவர்களை முன்னே அனுப்பிவிடுங்கள். புல்பிட் ராக் என்னும் பாறையை ஒட்டிய பகுதியில் ஒரு காலத்தில் சிக்னல் விளக்கு வைத்து ஒருபுற வண்டிகளை மட்டும் மாறி மாறி அனுப்புவார்கள். 2015இல் ஏரியின் மேல் பாலம்போல் சாலையை அகலப்படுத்திய பின் அந்தக் காத்திருப்பு நீங்கிவிட்டது.

ஆர்ட்லூயியோடு ஏரி முடிகிறது. அங்கிருந்து சாலை எளிதாகிறது. கிரியன்லாரிக் ஊருக்குள் செல்லாமல் புறவழியில், ஃபோர்ட் வில்லியம், ஓபன் ஆகிய பெயர்களைப் பின்தொடர்ந்து டைண்ட்ரம் சேருங்கள். ஏறத்தாழ 50 மைல் கடந்திருப்பீர்கள். கிரீன் வெல்லி ஸ்டாப் என்னும் இடத்தில் எரிபொருளும் உணவும் கழிப்பறையும் ஒன்றாகக் கிடைக்கும். பசி இல்லாவிட்டாலும் இங்கே நிறுத்துங்கள். அடுத்து வருவது ஆளரவமற்ற நீண்ட வெளி. கடைகளைத் தாண்டியதும் சாலை பிரியும்: இடப்பக்கம் ஓபன் நகருக்கு ஏ85, ஃபோர்ட் வில்லியம் என்ற பெயருடன் மேலேறிச் செல்லும் ஏ82தான் உங்களுக்கு.

ரானக் சதுப்பும் கிளென்கோவும்

ஆர்க்கிப் பாலத்தைக் கடந்து மேலேறியதும் ரானக் சதுப்புநிலம் தொடங்குகிறது. இங்கே மட்டும் நீரைக் கொண்டு திசை அறிய இயலாது. இருபுறமும் குட்டைகளும் சிற்றேரிகளுமாக இருக்கும். ஆனால் வழி தவறவும் வாய்ப்பில்லை, ஏனென்றால் வேறு சாலை இல்லை. நேராகவும் அகலமாகவும் இருப்பதால் இங்கே வேகம் தானாகவே கூடிவிடும். உள்ளூர்க்காரர்கள் துணிந்து முந்துவார்கள். அவர்களோடு போட்டியிடாதீர்கள். குளிர்காலத்தில் பனிப்பொழிவால் இந்தப் பகுதி தடைப்படக்கூடும் என்பதால் காலையில் புறப்படும் முன் டிராஃபிக் ஸ்காட்லாந்து தளத்தில் ஏ82இன் நிலையைப் பாருங்கள்.

சதுப்பு முடியும் இடத்தில், இடப்பக்கத்தில் கூம்புபோல் தனித்து எழும் மலை பூக்கல் எட்டிவ் மோர். அதைத் தாண்டியதும் சாலை கிளென்கோ பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. 1692 பிப்ரவரி 13 அன்று, தங்களை விருந்தினராக ஏற்று உணவளித்த மெக்டொனால்டு குலத்தாரைப் படையினர் விடியலுக்கு முன் கொன்ற இடம் இது. இந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்காமல் கடக்க யாராலும் முடியாது. ஆகவே ஓட்டுபவரும் பார்க்கும்படி வண்டியை நிறுத்துங்கள். நிறுத்துமிடங்கள் இடப்பக்கம் உள்ளனவற்றையே தேர்ந்தெடுங்கள். வலப்பக்கத்து இடத்துக்குள் நுழைவதற்காகச் சாலை நடுவே காத்திருப்பதும், வளைவுக்கு அருகே வெளியேறுவதும் இந்தச் சாலையில் ஆபத்தானவை.

கிளென்கோ ஊரைக் கடந்ததும் வலப்பக்கத்தில் நீர் தெரியும்: லாக் லெவன், கடலின் கை. பலஹூலிஷ் ஊரைத் தாண்டி, ஓபனுக்குப் பிரியும் ஏ828ஐ விடுத்து, ஃபோர்ட் வில்லியம் திசையில் 1975இல் திறக்கப்பட்ட இரும்புப் பாலத்தின் மேல் செல்லுங்கள்.

இந்தப் பாலத்தில்தான் உங்கள் திசைகாட்டி மாறுகிறது. இதுவரை பெரும்பாலும் வலப்பக்கத்தில் இருந்த நீர், பாலத்துக்கு அப்பால் இடப்பக்கம் வந்துவிடும். அதன்பின் இல்லத்தின் வாயில் வரை இடப்பக்கத்திலேயே இருக்கும். முதலில் லாக் லின்னி, பிறகு லாக் ஈல், கிளென்ஃபின்னனில் லாக் ஷீல், பிறகு லாக் ஐல்ட், லாக் ஐலார்ட், லாக் நன் ஊவா, கடைசியில் திறந்த கடல். பெயர்களை மறந்தாலும் பக்கத்தை மறக்காதீர்கள்.

ஃபோர்ட் வில்லியம்

லாக் லின்னியின் கரையோரமாகவே ஓட்டினால் ஃபோர்ட் வில்லியம் வந்துவிடும். கடைத்தெருவுக்குள் நுழையாமல் நீரோரப் புறவழியில் செல்லுங்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மாரிசன்ஸ் என்னும் பெரிய அங்காடி இருக்கிறது. இதைக் கட்டாய நிறுத்தமாகக் கொள்ளுங்கள். விருந்தினர் இல்லத்தில் காலை உணவு கிடைக்கும். இரவு உணவு பல இடங்களில் கிடையாது, அருகிலுள்ள உணவகங்களும் சீக்கிரமே அடுப்பை அணைத்துவிடுவார்கள். அரிசியும் பருப்பும் காய்கறியும் தயிரும் முட்டையும் குழந்தைகளுக்கு வேண்டியவையும் இங்கேயே வாங்கிவிடுங்கள், இல்லத்தில் சமையலறையைப் பயன்படுத்த அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுவைத்திருந்தால். எரிபொருள் தொட்டியையும் இங்கே நிரப்புங்கள். மின்கார் எடுத்தவர்கள் இங்கேயே முழுமையாக மின்னேற்றம் செய்துகொள்ளுங்கள்.

ஊரை விட்டு ஏ82இல் வடக்கே சிறிது தூரம் சென்றதும், பென் நெவிஸ் விஸ்கி வடிசாலை அருகே மாலேக் என்று எழுதிய பச்சைப் பலகை இடப்பக்கம் காட்டும். அங்கே திரும்புங்கள், அதுதான் ஏ830. திரும்பத் தவறினால் இன்வர்னஸ் நோக்கி ஏறத்தொடங்குவீர்கள். ஸ்பியன் பிரிட்ஜ் என்ற ஊர்ப்பெயர் கண்ணில் பட்டால் திரும்பி வாருங்கள்.

தீவுகளுக்குச் செல்லும் சாலை

ஏ830க்கு இங்குள்ளவர்கள் "தீவுகளுக்குச் செல்லும் சாலை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். திரும்பிய சில நிமிடங்களில் பேனவியில் கலிடோனியக் கால்வாயின் மேல் ஒரு சுழல் பாலம் வரும். எட்டு மடைகள் படிக்கட்டுபோல் ஏறிச்செல்லும் நெப்டியூன் படிக்கட்டு அங்கேதான் இருக்கிறது. படகு கடக்கும்போது பாலம் விலகும்; சிவப்பு விளக்கு எரிந்தால் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள்.

கார்பக் ஊரைத் தாண்டியதும் சாலை அகலமாகவும் நன்றாகவும் இருக்கும். பழைய காலத்துப் பயணக்குறிப்புகளில் இந்தச் சாலை ஒற்றைத் தடம் என்று படித்திருந்தால் கவலை வேண்டாம். கடைசியாக எஞ்சியிருந்த குறுகிய பகுதியும் 2009இல் இருதடமாக்கப்பட்டுவிட்டது. மாலையில் செல்பவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். சாலை நேர் மேற்கே செல்வதால் தாழ்ந்த சூரியன் முழுதாகக் கண்ணில் அடிக்கும். கறுப்புக் கண்ணாடியும் சுத்தமான முன்கண்ணாடியும் இல்லாமல் எதிரே எதுவும் தெரியாது. அந்தி நேரத்தில் செம்மான்கள் சாலையைக் கடக்கும். ஒரு மான் கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று எண்ணியே வேகத்தைக் குறையுங்கள்.

கிளென்ஃபின்னன் வந்ததும் கூட்டத்தைக் காண்பீர்கள். 1901இல் திறக்கப்பட்ட 21 வளைவுகள் கொண்ட கான்கிரீட் ரயில் பாலத்தின் மேல் நீராவி ரயில் செல்வதைப் பார்க்கவே அவ்வளவு பேர் வருகிறார்கள். இடப்பக்கம் ஏரிக்கரையில் நிற்கும் தூண், 1745 ஆகஸ்ட் 19 அன்று, பிரிட்டனின் அரியணையைத் தன் குடும்பத்துக்கு மீட்கக் கிளர்ந்த இளவரசர் சார்ல்ஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் தன் கொடியை உயர்த்தியதன் நினைவாக 1815இல் எழுப்பப்பட்டது. ரயில் வரும் நேரத்தில் நிறுத்துமிடம் நிரம்பிவிடும்; சாலையோரப் புல்லில் நிறுத்தி அபராதத்துக்கு ஆளாகவேண்டாம். இல்லத்திலிருந்து இன்னொரு நாள் காலையில் வந்து பார்ப்பதே நல்லது.

அடுத்து லாக்-ஐலார்ட் என்னும் சிற்றூர். இடப்பக்கம் ஏ861 பிரியும். திரும்பாமல் நேரே செல்லுங்கள். லாக் நன் ஊவாவின் கரையில் இடப்பக்கம் ஒரு கற்குவியல் தெரியும். கொடி உயர்த்திய அதே இளவரசர் தோற்று, 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கப்பலேறிப் போன இடத்தின் அடையாளம் அது. கிளென்ஃபின்னனிலிருந்து இங்கு வர உங்களுக்கு அரை மணி நேரம் போதும்.

கடைசி ஐந்து மைல்

அரிசேக் என்ற பெயர் இடப்பக்கம் காட்டும் இடத்தில் ஏ830ஐ விட்டு இறங்குங்கள். இங்கேதான் பச்சைப் பலகையை விட்டு வெள்ளைப் பலகைக்கு வருகிறீர்கள். சாலையின் எண் பி8008. ஊருக்குள் ஒரு கடையும் ஒரு ஹோட்டலும் படகுத்துறையும் உண்டு. பிரிட்டன் தீவின் மிக மேற்கிலுள்ள ரயில் நிலையமும் இந்தச் சிற்றூரில்தான் இருக்கிறது. சமிக்ஞை கிடைத்தால், இங்கே நிறுத்தி இல்லத்தாரை அழைத்து, "அரிசேக் வந்துவிட்டோம்" என்று சொல்லுங்கள். அவர்கள் வாயிலில் விளக்கை ஏற்றிவைப்பார்கள்; அதைவிட முக்கியமாக, கதவின் நிறம், அஞ்சல் பெட்டி, மரம் என்று அன்றைய நிலையில் தெரியக்கூடிய அடையாளத்தை வாயாலேயே சொல்வார்கள்.

ஊரைத் தாண்டி வடக்கே கடலோரமாகச் செல்லும்போது சாலை ஒற்றைத் தடமாகக் குறுகுகிறது. ஒரு வண்டி மட்டும் செல்லும் அகலம். இரு திசை வண்டிகளும் அதே தடத்தில்தான். இடையிடையே சாலை சற்று விரிந்து, ஒரு வண்டி ஒதுங்கும் அளவுக்கு இடம் விடப்பட்டிருக்கும். பக்கத்தில் ஒரு கம்பத்தில் சிறு வெள்ளைப் பலகை நிற்கும். எதிரே வண்டி தெரிந்தால், உங்களுக்கும் அதற்கும் இடையில் ஒதுக்கிடம் எங்கே என்று முதலில் பாருங்கள். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் ஒதுங்கி நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்குள் நுழையாதீர்கள். உங்கள் தடத்திலேயே அதற்கு நேரெதிரே நில்லுங்கள், எதிரே வருபவர் அதற்குள் ஒதுங்கிச் சுற்றிப்போவார். நம்மவர்கள் அதிகம் தவறு செய்வது இந்த இரண்டாவது நிலையில்தான்: மரியாதையாக வழிவிடும் நோக்கத்தில் வலப்பக்கத்து இடத்துக்குள் புகுந்துவிடுவார்கள், அதே கணத்தில் எதிரே வருபவரும் அதே இடத்துக்குள் திரும்புவார்.

மேடேறி வருபவருக்கு இறங்குபவர் வழிவிடுவது முறை. ஒதுக்கிடம் உங்களுக்குப் பின்னால் அருகில் இருந்தால் நீங்களே பின்னே செல்லுங்கள். ஆகவே கடந்து வந்த ஒவ்வொரு ஒதுக்கிடத்தையும் மனத்தில் குறித்துக்கொண்டே ஓட்டப் பழகுங்கள். எதிரே இருப்பவர் விளக்கை ஒருமுறை மின்னவிட்டால் பெரும்பாலும் "நீங்கள் வாருங்கள்" என்று பொருள். ஆனாலும் அந்த வண்டி நின்றுவிட்டதைக் கண்ணால் உறுதி செய்த பின்பே நகருங்கள். கடக்கும்போது கை உயர்த்தி நன்றி சொல்வது இங்குள்ள வழக்கம். அதைத் தவறவிடாதீர்கள்.

பின்னால் ஒரு வண்டி நெருங்கி வந்தாலும் ஒதுக்கிடத்தில் நின்று அதை முன்னே விடுங்கள். அதில் வருபவர் பணிக்கு விரையும் செவிலியராக இருக்கலாம், படகைப் பிடிக்கச் செல்பவராக இருக்கலாம். அவர்கள் வாழ்க்கை ஓடும் சாலை இது. ஒதுக்கிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நிழற்படம் எடுக்கப் போவதைப் போல இவர்களை வருத்துவது வேறில்லை. புல்லோரமும் நிறுத்துமிடம் அன்று. மழைக்காலத்தில் சக்கரம் புதைந்துவிடும். கடலுக்கும் சாலைக்கும் இடையே உள்ள மணற்பாங்கான புல்வெளியை "மாஹர்" என்பார்கள். கோடையில் சிறு காட்டுப்பூக்களால் நிறையும் அது சக்கரம் பட்டால் கிழிந்து, காற்றில் மணலாகப் பறந்துவிடும். ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் யாரும் எங்கும் நடந்து செல்லும் உரிமையைப் பெருமளவு தருகிறது. மோட்டார் வண்டிக்கு அந்த உரிமை கிடையாது.

ஆடுகள் சாலையில் படுத்திருக்கும். ஹாரன் அடித்தால் அவை மிரண்டு வண்டிக்குக் குறுக்கேதான் ஓடும். நின்று, மெல்ல நகர்ந்தால் தாமாகவே எழுந்து விலகும். ஏப்ரல், மே மாதங்களில் தாய் ஒருபுறமும் குட்டி மறுபுறமும் இருந்தால், குட்டி தாயிடம் ஓடிவரும் என்பதை எதிர்பாருங்கள்.

சாலையில் நீங்கள் கடக்கும் இடங்களின் வரிசை இதுதான்: முதலில் கூடார முகாம்கள் நிறைந்த பேக் ஆஃப் கெப்பக், அடுத்து ஒன்பது குழிகள் கொண்ட ட்ராய் கோல்ஃப் மைதானமும் அதன் எதிரே வெண்மணலும், பிறகு மணல்மேடுகளுக்குப் பின்னால் மறைந்த காமஸ்டாரக் கடற்கரை, முடிவில் மோரர் ஆறு கடலில் கலக்கும் கழிமுகம். உங்கள் இல்லம் இவற்றுள் எதற்கும் எதற்கும் இடையே உள்ளது என்பதை முன்பே இல்லத்தாரிடம் கேட்டுத் தாளில் குறித்துவையுங்கள். "கோல்ஃப் மைதானத்துக்கும் காமஸ்டாரக்குக்கும் இடையே, கடல் பக்கம்" என்ற ஒரு வரி, அஞ்சல் குறியீட்டைவிடப் பன்மடங்கு பயன் தரும். வீடுகளுக்கு எண் கிடையாது, பெயர்தான். அந்தப் பெயரும் சில வேளைகளில் வாயிற்கல்லில் கைப்பிடி அளவுதான் எழுதியிருக்கும்.

அரிசேக் திருப்பத்தைத் தவறவிட்டால் பதற்றம் வேண்டாம். ஏ830இல் தொடர்ந்து சென்று மோரரில் இதே பி8008க்குள் வடகோடியிலிருந்து நுழையலாம். அப்படி வந்தால் மேலே சொன்ன வரிசை தலைகீழாகும். கடலும் வலப்பக்கம் இருக்கும். கடல் வலப்பக்கம் தெரிந்தால் நீங்கள் மோரர் பக்கத்திலிருந்து தெற்கே வருகிறீர்கள் என்று அறிந்துகொள்ளலாம். கடலே தெரியாமல், அகலமான இருதடச் சாலையில் மாலேக் துறைமுகத்தின் வீடுகள் வந்துவிட்டால், இரண்டு திருப்பங்களையும் கடந்துவிட்டீர்கள். மூன்று மைல் திரும்பி வாருங்கள்.

வாயிலிலிருந்து வீடு வரை

பெரும்பாலான இல்லங்களுக்குச் சாலையிலிருந்து ஒரு சரளைக்கல் பாதை செல்லும். தொடக்கத்தில் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்த பள்ளம் இருந்தால் அது கால்நடைகள் வெளியேறாமல் தடுப்பதற்கு. மெல்லக் கடந்தால் கடகடவென்று ஒலிக்கும், வண்டிக்கு ஒன்றும் ஆகாது. கதவு இருந்தால், மூடியிருந்ததை மூடிவிட்டும் திறந்திருந்ததைத் திறந்தபடி விட்டும் செல்லுங்கள். குடும்பத்தில் ஒருவர் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொள்ளட்டும். காற்றில் அது வண்டியின் மேல் வந்து மோதும்.

வண்டியை நிறுத்தும்போது அதன் முகம் காற்று வரும் திசையை, அதாவது பெரும்பாலும் கடலை நோக்கி இருக்கட்டும். பின்புறமாகக் காற்று அடித்தால், திறந்த கார்க்கதவைக் கையிலிருந்து பறித்துக் கீலையே வளைத்துவிடும்; அந்தச் செலவு வாடகைக்கு எடுத்தவர் தலையில்தான் விழும். குழந்தைகள் பக்கத்துக் கதவைப் பெரியவர் ஒருவர் வெளியிலிருந்து பிடித்தபடி திறக்கவேண்டும். மே முதல் செப்டம்பர் வரை காற்று ஓய்ந்த மாலைகளில் இதற்கு நேர்மாறான தொல்லை: கொசுவைவிட மிகச் சிறிய மிட்ஜ் பூச்சிகள் கூட்டமாக வந்து கடிக்கும். அப்போது பெட்டிகளை இறக்கும்வரை கார்க் கண்ணாடிகளையும் வீட்டுக் கதவையும் மூடியே வையுங்கள். அரிசிப் பையையும் குழந்தைகளின் துணிப்பெட்டியையும் முதலில் உள்ளே எடுத்துச் செல்லுங்கள். மற்றவை காலையில் இறக்கினாலும் போதும்.